பென்சில் கோடு போட்ட போக்கர் புத்தகம்

"நீங்க ஒவ்வொரு புஸ்தகம் வாங்கறச்சேயும் என் அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஏறறது, கேட்டேளா?"

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கிளம்பாமல் நின்ற, கரமனை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டுப் பெண்மணி கணவரிடம் சொன்னது இது. அவர் மடியில் புத்தம் புதிதாக ஒரு புத்தகம். போக்கர் சீட்டாட்டத்தில் ஜெயிக்கும் வழிகளாம்.

"முன்னாடி வாங்கின மூணும் புதுசா ஆடறவாளுக்கு. எதிராளி மனசுல என்ன இருக்குன்னு இதுலதான் போட்டிருக்கு."

"உங்க மனசுல இருக்கறது உங்களோட சீட்டாடற அந்த நாலு பேருக்கும் தெரியறதே, அதுக்கு என்ன பண்ணப் போறேள்?"

"அவாளுக்கு எப்படித் தெரியும்?"

"நல்ல ஐடியா வந்த எடத்துலெல்லாம் பென்சிலால கோடு போடறேள். படிச்சு முடிச்சதும் அதே புஸ்தகத்தை அவாளுக்கே குடுக்கறேள்!"

"சிநேகிதாள் கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா?"

"தோத்தவா ஆத்துலேர்ந்து டிபன்னு ஒரு சட்டம் வேற. ஏழு ஞாயித்துக்கிழமையா அஞ்சு பேருக்கும் நான்தான் போண்டா போடறேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் செல்போன் அடித்தது.

"ஆமாம்டா, வாங்கிட்டேன். வியாழக்கிழமைக்குள்ள படிச்சுட்டுத் தரேன்."

அந்த அம்மாள் அவர் சட்டைப்பையிலிருந்த பென்சிலை உருவித் தன் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.