பின் டயரின் அம்புக்குறி

ஆமாம், அந்தப் பின் டயரைத் திருப்பிப் போட்டது நான்தான். சுந்தரலிங்கம் அண்ணனுக்கு அது தெரியாது. பெயரிலிருந்து தொடங்கச் சொல்கிறீர்கள், சரி. என் பெயர் பொன்னுத்துரை அழகமுத்து. வயது 22. மாத்தளை நகரில் வாடகை அறையில் இருக்கிறேன்; பிறந்தது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானே நின்றேன். முதலாளி அப்துல் ஸமத் நானாவின் டயர் கடையில் நான்கு வருடமாக வேலை. அடையாள அட்டை உங்கள் மேசையில் இருக்கிறது.

சுந்தரலிங்கம் அண்ணன் எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. வெளிநாட்டுக்காரர்களை மோட்டார் சைக்கிளில் மலைப்பக்கம் கூட்டிப்போவது அவர் தொழில். சமாதான காலத்தில் நிறையப் பேர் வந்தார்கள். இந்த வருடம் இரண்டே பேர்தான் வருவதாக இருந்தது. தார் வீதி, தோட்டத்துக் கல் பாதை, சேறு, எல்லாம் கலந்த ஒன்பது நாள் பயணம். அதற்கு டயர் பார்க்க 2008 செப்டம்பர் 20 சனிக்கிழமை காலை பத்து மணிபோல கடைக்கு வந்தார்.

பெரிய ரப்பர் கட்டை வைத்த மண் டயர் இரண்டு சக்கரத்துக்கும் போடுவோம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சேத்துல ஏறும்டா, ஆனா மழைத்தார்ல வளைவு திரும்பினா ஆடும். பின்னால ஒரு ஆள உக்கார வச்சிக்கிட்டு நான் ஆட முடியாது" என்றார். தார் டயர் போட்டால் சேற்றில் நிற்காது. பாதி தார், பாதி மண் என்று ஒரு வகை உண்டு, அதைக் கேட்டார். முன்னுக்கு இருந்தது, பின்னுக்கு அவருடைய அளவில் இல்லை. கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை ஆகும் என்று ஸமத் நானா சொன்னார். அதன் பிறகு முன்னுக்குப் புதியதைப் போடுவது, பின்னுக்குப் பழைய மண் டயரே இருக்கட்டும் என்று முடிவானது. அந்தப் பழைய டயரின் கட்டைகள் கூரான அம்பு மாதிரி அடுக்கியவை. தடத்தைப் பார்த்தால் வண்டி எந்தப் பக்கம் போனது என்று தெரியும்.

பஞ்சர் பார்க்கப் பின் டயரைக் கழற்றினேன். ஓடி ஓடி ஒவ்வொரு கட்டையிலும் முன் விளிம்பு மழுங்கியிருந்தது, பின் விளிம்பு கூராகவே இருந்தது. இப்படி வந்தால் நாங்கள் டயரைத் திருப்பிப் போடுவோம். கூர் முன்னால் வரும், இன்னும் இரண்டு மாதம் சேற்றைப் பிடிக்கும். மலைப்பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் கேட்டே செய்வார்கள். ஆனால் சுழல வேண்டிய பக்கத்தைக் காட்ட டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் அம்பு அப்போது பின்னால் பார்க்கும். அண்ணன் எப்போதும் அம்பு பார்த்துத்தான் போடச் சொல்வார். அன்றைக்கும் தேத்தண்ணி குடிக்கப் போகும்போது "அழகு, அம்பு பாத்துப் போடு, ஒன்னோட விஞ்ஞானத்த என் வண்டில காட்டாத" என்றார். "சரிண்ணே" என்றேன். திருப்பித்தான் போட்டேன். அவரைவிட எனக்கு டயர் தெரியும் என்று நினைத்தேன். வந்து ஏறிப் போனார், கவனிக்கவில்லை. அடுத்த கிழமை வந்து "பழைய டயர் நல்லாப் பிடிக்குதுடா" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை, சிரித்தேன்.

அதன் பிறகு அக்டோபர் 14 செவ்வாய்க்கிழமை, யட்டவத்தவிலிருந்து பல்லேபொலைக்குப் போகும் மிளகுத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஊர்காவல் படைக்காரர் ஒருவர் காவல் குடிலில் சுடப்பட்டு இறந்தார். காலை ஏழு மணி என்கிறார்கள். அன்றைக்கு மழை விட்டது ஐந்தரைக்கு. அண்ணன் பயணத்துக்குப் பாதை பார்க்க ஆறு மணிக்கு அந்தக் குடிலைத் தாண்டிப் பல்லேபொலைக்குப் போனதாகவும், பிரதான வீதியால் மாத்தளைக்குத் திரும்பியதாகவும் சொல்லியிருக்கிறார். மறுநாள் அவரைப் பிடித்தார்கள். தீபாவளிக்கும் அவர் உள்ளேதான்.

அக்டோபர் 31 வெள்ளிக்கிழமை அவருடைய மனைவி மங்களேஸ்வரி அக்கா கடைக்கு வந்தார். அதற்கு முந்தின நாள் அண்ணனைப் பத்து நிமிடம் பார்க்க விட்டார்களாம். சேற்றில் ஒரே ஒரு தடம்தான் இருக்கிறது, அது பல்லேபொலையிலிருந்து குடில் பக்கம் வருகிறது. மழையோடு போன தடம் அழிந்துவிட்டது, ஏழு மணிக்கு அதே பாதையில் திரும்பி வந்து சுட்டிருக்கிறான் என்று பொலிஸ் சொல்வதாகச் சொன்னார். "நான் அந்தப் பாதையில திரும்பி வரவே இல்ல மங்களம், தடம் எப்படி அப்பிடி விழுந்திச்சின்னு எனக்கே வெளங்கல" என்று அண்ணன் அழுதாராம். அதன் பிறகு அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க டயர்காரர்தானே. தடம் பொய் சொல்லுமா? இவரு எங்கிட்டப் பொய் சொல்றாரா?" என்று கேட்டார். என் கையில் ஒரு டியூப் இருந்தது. அதைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு "தெரியலக்கா" என்றேன்.

அக்கா போன பிறகு, நான் டயரைத் திருப்பிப் போட்டதால்தான் போன தடம் வந்த தடம் மாதிரி விழுந்திருக்கிறது என்று ஸமத் நானாவிடம் எல்லாம் சொன்னேன். "நீ பொலிஸுக்குப் போனா ஒன்னையும் உள்ள வைப்பாங்கடா. ஒந் தமிழ்ப் பேரப் பாத்தாலே போதும்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அதே பயம். சனி, ஞாயிறு அறையைவிட்டு வெளியே வரவில்லை. இன்று நவம்பர் 3, காலை எட்டு மணிக்கு நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

உள்ளே வரும்போது முற்றத்தில் வண்டியைப் பார்த்தேன். பின் ரிம் வெறுமையாக இருந்தது. டயரை மட்டும் கழற்றி, சீட்டுக் கட்டி, உங்கள் அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். ரிம்மில் இருந்திருந்தால் அம்பு பின்னால் பார்ப்பதை ஒரு சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். இப்போது எதை வைத்து நம்புவது என்று கேட்டீர்கள். கட்டைகளைத் தடவிப் பாருங்கள் என்றேன். நேராக ஓடிய டயரில் ஒரு விளிம்புதான் மழுங்கும். திருப்பி ஓடிய டயரில் இரண்டும் மழுங்கும், ஒன்று அதிகம், ஒன்று கொஞ்சம். நீங்கள் குனிந்து நான்கைந்து கட்டைகளைத் தடவினீர்கள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, சுந்தரலிங்கம் இங்கே இல்லை, சனிக்கிழமை மாலை வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்துவிட்டார், நேற்றுக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றீர்கள். தடத்தின் படத்தை முன்னால் வைத்தபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். "என்னோட டயர்தான், வர்ற தடந்தான்" என்றாராம். அவர் டயர் தெரிந்த மனிதர். வேறு எப்படிச் சொல்வார்.

வாசித்துக் காட்டியதைக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, யாரும் சொல்லித் தந்ததல்ல. இதையும் கொழும்புக்கு அனுப்புங்கள், அந்த டயரோடு. எங்கே கையெழுத்து வைக்க வேண்டும், காட்டுங்கள். மங்களேஸ்வரி அக்கா சோற்றுப் பார்சலோடு வாசல் கேட்டடியில் நிற்கிறார். அண்ணன் பொய் சொல்லவில்லை என்று அவரிடம் நான் சொல்ல வேண்டும். நான் போகிறேன்.

பொ. அழகமுத்து