ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில்

அன்று மழை பெய்ததா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. திருபுவனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது செருப்பு நனைந்திருந்ததாக ஒரு ஞாபகம். அது வேறு நாளாகவும் இருக்கலாம். மற்றதை ஓரளவு சரியாகவே சொல்லிவிடுவேன்.

தகடு அழுத்தும் பிரஸ்களுக்கு நாங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். அதற்குள் ஓடுவது கெர்னல். மற்ற மென்பொருளையெல்லாம் தாங்கும் அடித்தளம். அதைக் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்து, அதாவது எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றி, பெட்டியில் ஏற்ற வேண்டும். என் கம்ப்யூட்டரில் கம்பைலர் பாதியிலேயே நின்றுபோனது. நிரலில் பிழை என்றால் ஒரே இடத்தில் நிற்கும். இது ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் நின்றது. ரேம் கெட்டிருந்தது. சோதித்தும் பார்த்துவிட்டேன்.

புதிது கேட்டால் முதலாளி நாகராஜனுக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டும். எனக்கு யாருக்கும் எதையும் விளக்கும் தெம்பு இல்லை. ஜோஸ்பின் சாப்பிடப் போனபோது அவளுடைய ரேமை எனக்கு மாட்டிக்கொண்டு, என்னுடையதை அவளுக்கு மாட்டினேன். வில்லியனூர்ப் பெண், புதிதாகச் சேர்ந்தவள். கையிலிருந்த கெர்னல் வேலையை முடித்தால்தான் அவளை நிரந்தரமாக்குவார்கள்.

"சார், மறுபடியும் நின்னுபோச்சி. இந்தத் தடவ வேற எடத்துல" என்றாள் ஜோஸ்பின்.

பெட்டிகளைப் பொருத்தும் ஜெயசீலன் சிரித்தார். "ஆயுத பூஜைக்கு ஒன் கம்ப்யூட்டருக்கு மட்டும் பொட்டு வாணான்னியே, அதான் கோச்சிக்கினு இருக்குது."

"போண்ணா. பொட்டு வச்ச ஒன் ட்ரில்லிங் மிஷினு மட்டும் இன்னா கிழிச்சிதாம்?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ரேம் போயிருக்குமா சார்?"

"இல்லம்மா. ஒன் கோடிங்லதான் தப்பு. திரும்ப ஓட்டு."

முடியும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவது எங்கள் பழக்கம். கடைசியில் முடிந்தது. எழுந்து நின்று கைதட்டினாள். கெட்ட ரேமில் முடிந்த ஒன்றுக்குள் எங்கே எது மாறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும். சரி என்று சொல்லி அனுப்பினேன்.

பெட்டியை ஒப்படைக்கும்போது, ஓடும் பிரஸ்ஸுக்குள் எங்களில் ஒருவர் கையை நீட்டிக் காட்டுவோம். கை நுழைந்ததும் எங்கள் பெட்டி அதை நிறுத்திவிடும். வாங்குபவருக்கு நம்பிக்கை வரும். செய்யக்கூடாத வேலைதான். ஆனால் எப்போதும் நான்தான் நீட்டுவேன்.

அன்று ஜெயசீலனை நீட்டச் சொன்னேன்.

"இன்னா சார், பயமா?" என்றார். "களைப்பா இருக்குது" என்றேன். அதில் பொய் இல்லை. பிரஸ் நிற்கவில்லை.

ஜெயசீலன் மடுகரையில் வீட்டோடு இருக்கிறார். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. பழி ஜோஸ்பின் மேல் விழுந்தது. வேலையை விட்டு அனுப்பினார்கள். இன்னும் தன் நிரலில் பிழையைத் தேடிக்கொண்டிருக்கிறாளாம். நாகராஜன் பட்டறையைப் பூட்டிவிட்டார். நான் இங்கே விசாரணை நடத்தும் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். ரொம்பக் களைத்துப் போயிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இதுவரை யாரும் கேட்கவில்லை.