ஷிஃப்டுக்கு ஒண்ணு

ரெபேக்கா: கத்துவேன்! இன்னும் கத்துவேன்! டப்பாவ வித்தது நீங்க, எரியறது எங்க டாடி ஒடம்பு!

லீலா: அது மாத்திரையே இல்ல ரெபேக்கா, சப்ளிமென்ட்டு. சாப்பாடு மாதிரி...

ரெபேக்கா: சாப்பாடு தின்னா மூஞ்சி செங்கல்லு மாதிரி செவக்குமா லீலாக்கா? கை நடுங்குது. நெஞ்சு அடிக்கிற அடி சட்டைக்கு மேல தெரியுது!

வின்னி: இன்னாடி, லைன் வீடு பூரா கேக்குது? காபிய அடுப்புலயே வுட்டுட்டு ஓடியாறேன். கொர்னேலியஸ் அண்ணனுக்கு இன்னா ஆச்சு?

ரெபேக்கா: நீங்களே கேளுங்க வின்னி ஆன்ட்டி. வயசு கொறையற மாத்திரைன்னு டாடி தலையில கட்டியிருக்காங்க.

வின்னி: எழுவது வயசுல அவருக்கு இன்னாத்துக்குக் கொறையணும்? எதுனா பொண்ணு பாத்து வெச்சிருக்காரா?

லீலா: நீ வேற... ஒடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் சக்தி குடுக்கும்னு மீட்டிங்ல டை கட்டினவன் சொன்னான். நானும்தான் நாலு மாசமா திங்கறேன்.

வின்னி: அதான் பாக்குறேனே. அதே மூஞ்சிதான்.

ரெபேக்கா: சிரிக்காதீங்க! உள்ள எப்பிடி மூச்சு வாங்குறாரு, கேளுங்க. ஏற்கெனவே நெஞ்சு பூரா மைன்ஸ் தூசி...

வின்னி: ...ஆமா. கேக்குது. நூத்தியெட்டுக்குப் போன் பண்ணியா?

ரெபேக்கா: பண்ணிட்டேன். ஊரிகம் ஸ்டேஷன் தாண்டி வந்துட்டு இருக்கானாம்.

லீலா: ஒரு நாளைக்கு ஒண்ணுன்னுதான் சொன்னேன். சும்மா என் மேல பழி போடாதே.

ரெபேக்கா: எப்பிடிச் சொன்னீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல.

லீலா: எப்பிடின்னா... அவருக்குப் புரியட்டுமேன்னு, அந்தக் காலத்துல கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடி உப்பு மாத்திரை போட்டுப்பீங்களே அங்கிள், அந்த மாதிரின்னு...

ரெபேக்கா: போச்சு!

வின்னி: அய்யோ லீலா! உப்பு மாத்திரை ஷிஃப்டுக்கு ஒண்ணாச்சே! நந்திதுர்க் ஷாஃப்ட மூடி இருவது வருசத்துக்கு மேல ஆவுது, அந்த மனுசன் இன்னும் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுல கஞ்சி, செகண்ட் ஷிஃப்டுல டீ, நைட் ஷிஃப்டுல தூக்கம்னு இருக்கறவரு!

ரெபேக்கா: ஆறு மணிக்கு ஒண்ணு, ரெண்டு மணிக்கு ஒண்ணு, பத்து மணிக்கு ஒண்ணு. சங்கு ஊதாத கொறைதான்.

லீலா: நாளைக்கு மூணா...

வின்னி: டப்பாவக் குடு. இதுல எத்தினி இருந்திச்சு? எப்ப குடுத்தே?

லீலா: முப்பது. போன ஞாயித்துக்கிழமையிலேர்ந்து திங்கறாரு.

வின்னி: இன்னிக்கு சனி, இன்னும் ஆறு மணி ஆவல. நேத்து ராத்திரி வரைக்கும் ஆறு நாளு... பதினெட்டு. மிச்சம் பன்னெண்டு இருக்கணும். ஏய், இதுல ரெண்டுதானே கீது?

லீலா: ரெண்டா?

வின்னி: பத்து எங்க போச்சு?

லீலா: மொத்தமா முழுங்கிட்டாரா... வேணும்னே...?

வின்னி: வாய மூடு! வண்டி வந்ததும் சொல்லிடணும். பத்து சேத்து முழுங்கிட்டாருன்னா மூக்குல குழாய் வுட்டு வயித்தக் கழுவுவாங்க.

ரெபேக்கா: குழாயா? அந்த நெஞ்சு தாங்காது ஆன்ட்டி!

வின்னி: தாங்காதுன்னா? பத்தும் உள்ள கீதே!

ரெபேக்கா: இல்ல... அப்பிடிச் சொல்லாதீங்க...

வின்னி: ஏன்?

லீலா: வண்டி சத்தம் கேக்குது.

ரெபேக்கா: அந்தப் பத்து... டாடி திங்கல. நான் தின்னேன்.

வின்னி: நீயா?

ரெபேக்கா: காலையில வேலைக்குப் போக ரயிலுக்கு ஓடறப்ப ஒண்ணு, வந்ததும் ஒண்ணு. அஞ்சு நாளா. நேத்துலேர்ந்து எனக்கும் கழுத்தெல்லாம் எரியுது. எனக்கும் டாடி மாதிரியே ஆயிடுமா ஆன்ட்டி?

வின்னி: துப்பட்டாவ எடு... அடிப்பாவி! உனக்கு இன்னாத்துக்குடி இது?

ரெபேக்கா: எனக்கு முப்பத்தொம்பது. நான் கட்டிக்கப் போறவருக்கு முப்பத்திரெண்டு. ரயில்ல ஒரு அம்மா அவரக் கூப்ட்டு, "தம்பி, உங்க அக்கா எறங்குறாங்க பாரு"ன்னுது... அடுத்த மாசம் கோலார்ல ரிஜிஸ்டர் பண்றோம். டாடிக்குத் தெரியாது. சொன்னா நெஞ்சு நின்னுடுமோன்னு பயம்.

வின்னி: எவன்டி அவன்?

ரெபேக்கா: லீலாக்கா தம்பி. சித்தார்த்தன்.

லீலா: என் தம்பியா!

வின்னி: வாய அப்புறமா பொளக்கலாம், வண்டி வந்தாச்சு. ரெபேக்கா, நீயும் ஏறு. டாக்டர் கிட்ட ஒண்ணு விடாம சொல்லணும். கழுத்த மூடாதே, டாக்டரும் பாக்கட்டும்!

* * *

வின்னி: ரெபேக்கா வந்திருந்தாளாமே? எங்கிட்ட சொல்லாம போயிட்டா பாரு.

லீலா: ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வந்து மிச்ச சாமானையும் ஏத்திட்டுப் போயிட்டாங்க. கல்யாணமாகி மூணு மாசம் ஆச்சு, இனிமே பெங்களூர் கே.ஆர்.புரம்தான். அங்கிளும் அங்கதான்.

வின்னி: மாத்திரைய நிறுத்தினதும் ரெண்டே நாள்ல செவப்பு எறங்கிடுச்சு, அப்பனுக்கும் மகளுக்கும். அண்ணன் நெஞ்சு எப்பிடி கீது?

லீலா: முன்ன மாதிரி இல்ல. நாலு படி ஏறினா உக்காந்துடறாராம். அன்னிக்கு அடிச்ச அடியில களைச்சுப் போச்சுன்னு டாக்டர் சொன்னாராம்.

வின்னி: இன்னாத்துக்குத்தான் அந்த மனுசன் அதத் தின்னாரு?

லீலா: இன்னும் ரெண்டு வருசம் இருக்கணும்னு. பொண்ணு தனியா நிக்கக் கூடாது, அவளுக்கு ஒருத்தன் கெடைக்கறதப் பாத்துட்டுத்தான் கண்ண மூடணும்னு. டப்பாவக் கையில வாங்கறப்பவே எங்கிட்ட சொன்னாரு.

வின்னி: பாவம். அந்த ஒருத்தன் உங்க வீட்டுலயே கீறான்னு தெரியாம... ஏய் லீலா. அன்னிக்கு "என் தம்பியா"ன்னு வாயப் பொளந்தியே. நெசமாவே தெரியாதா உனக்கு?

லீலா: ...தெரியும். அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே தெரியும்.

வின்னி: அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அவரு கிட்ட!

லீலா: சொல்லலாம்னுதான் வாயத் தெறந்தேன் வின்னி. ஆனா சொல்லியிருந்தா... டப்பாவ வாங்கியிருப்பாரா?