முழுத்தொகை பெறப்பட்டது

பீர்மேடு,
18 நவம்பர் 1974

மதிப்பிற்குரிய ஐயா,

இங்கே மழை விட்டு எட்டு நாளாகிறது. அதனால் ஹெட் ஆபீஸிலிருந்து தங்கள் சுற்றறிக்கை நனையாமல் வந்து சேர்ந்தது. கேள்வி சுருக்கமானது: சர்வீஸ் ஷெட்டில் வேலை செய்கிறவர்களே வாடிக்கையாளரிடம் பணம் வாங்கலாமா, கூடாதா. ஒரு வரியில் பதில் எழுதினால் போதும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். கூடாது என்பது என் பதில். ஆனால் காரணம் எழுதாத விடைக்கு மார்க் கிடையாது என்று கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள். ஆகவே காரணத்தையும் எழுதுகிறேன்.

நம் ஜீப் ஏஜென்சியின் இந்தக் கிளையில் நான் பதினொரு வருஷமாகக் கேஷியர். ஷெட் கீழே ரோட்டோரம் இருக்கிறது, ஆபீஸ் மேட்டில். நடுவில் அறுபத்துநான்கு படி. வண்டியை வேலைக்கு விட்டவர்கள் படியேறி வந்து என் ஜன்னலில் பணம் கட்டுவார்கள். எஸ்டேட் மேனேஜரானாலும் ஏலக்காய் முதலாளியானாலும் மூச்சு வாங்க நின்று, குனிந்து உள்ளே பார்த்து, "பொங்கியண்ணன், சுகந்தானா" என்று கேட்பார்கள். ஜன்னலைக் கொஞ்சம் தாழ்வாக வைத்துவிட்டார்கள்; யாராக இருந்தாலும் குனியத்தான் வேண்டும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இடத்தின் அமைப்பு தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

போன தை மாதம் எங்கள் மலையாளி மேனேஜர் தரகன் சார் இதை மாற்றினார். "மழையத்து ஆளுக இந்தப் படியெல்லாம் கேறணுமா? காசு சங்கையா வாங்கட்டும். சாயங்காலம் உங்ககிட்டத் தந்தா மதி," என்றார்.

சங்கையா தலைமை மெக்கானிக். தென்காசிப் பக்கத்துக் குடும்பம், தகப்பன் காலத்திலேயே மலையேறியவர்கள். அவருக்குத் தன் பெயரும் எண்களும் எழுதத் தெரியும், அவ்வளவுதான். அவரிடம் ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அன்று முதல் ஜனங்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று, கிரீஸ் கையில் நோட்டைத் திணித்து, அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். மாலையில் பிஸ்கட் டின்னில் போட்டுப் பணத்தை என்னிடம் கொண்டுவருவார். நோட்டெல்லாம் மண்ணெண்ணெய் வாடை.

நான் தரகன் சாருக்கு மூன்று கடிதம் எழுதினேன். நகல்களை இணைத்திருக்கிறேன். வேலை செய்யும் கையும் பணம் வாங்கும் கையும் ஒன்றானால், பணம் வந்தவுடன் வேலை முடிந்ததாகிவிடும் என்பதே மூன்றின் சாரம். அவர் சிரித்தார். "பொங்கியண்ணா, இதுவரை எத்தனை ரூபாய் குறைஞ்சு?" என்று கேட்டார்.

குறையவில்லை. அதுதான் சங்கடம். ஆறு மாதம் தினமும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ரூபாய் குறைந்திருந்தால், பவுல்ராஜும் அந்த இரண்டு பெண்களும் இன்று உயிரோடு இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். வண்டன்மேட்டு ராக்கப்பனின் ஜீப் பிரேக் வேலைக்கு வந்தது. பிரேக் சிலிண்டருக்குள்ளே மாட்டும் ரப்பர் கப் நம்மிடம் தீர்ந்துபோயிருந்தது. கோட்டயத்திலிருந்து வர வேண்டும். ராக்கப்பன் மறுபடி வர முடியாது என்று முழுப்பணத்தையும் முன்கூட்டியே கொடுத்து, ரசீதை டிரைவர் பவுல்ராஜிடம் விட்டுவிட்டு, ஏலக்காய் வியாபாரத்துக்கு பஸ்ஸில் போய்விட்டார்.

மத்தியானம் சங்கையா படியேறி வந்தார். அவர் குனிய மாட்டார். ஜன்னல் ஓரம் சாய்ந்து நின்று பேசுவார்.

"அண்ணாச்சி, ராக்கப்பன் முதலாளி வண்டி நாளைக்குத்தான். ஷெட்டுக்குள்ள நவுத்துததுக்காகப் பழைய கப்பையே மாட்டி வச்சிருக்கேன். நாலு மிதி நிக்கும், அஞ்சாவது மிதி நிக்காது. கேட்டைத் தாண்ட விட்டுராதீய."

"பணமுங்க?"

"பூராவும் வாங்கியாச்சு."

"வேலை முடியாம வாங்கலாமுங்களா?"

"அவருல்லா கைல திணிச்சிட்டுப் போறாரு. நான் என்ன, ஓடிப்போயா குடுக்க?" என்று சிரித்தார். "நீங்க ரூவாயப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, நான் சக்கரத்தப் பாத்துக்கிடுதேன்."

ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக் வேலை முடியாத வண்டியின் ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். வேறு யாரும் தொடுவதில்லை, தரகன் சார் கூட. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வழக்கம். ஆனாலும் அதுவரை பிசகியதில்லை. அன்றும் அவர் துணியைக் கட்டிவிட்டுத்தான், பஸ்ஸில் வரும் பார்சலை வாங்க முண்டக்கயத்துக்குப் போனார். மற்ற மெக்கானிக்குகள் ஒரு எஸ்டேட்டில் நின்றுபோன லாரிக்குப் போயிருந்தார்கள்.

மூன்று மணிக்குப் பவுல்ராஜ் என் ஜன்னலுக்கு வந்தான். குனிந்து பார்த்தான். ஆறு மாதத்தில் அங்கே வந்து குனிந்தவன் அவன் ஒருவன்தான்.

"கணக்கய்யா, முதலாளி நாளைக்குன்னுதான் சொன்னாரு. இன்னைக்கே ஆயிருந்தா எடுத்துக்கிட்டுப் போயிருவேன். சின்னவனுக்கு மூணு நாளாக் காய்ச்சல். வேலுத்தாயி அக்கா கஞ்சி குடுத்தாங்க, இல்லேன்னா நானும் படுத்திருப்பேன்."

வேலுத்தாய் சங்கையாவின் மனைவி. ஷெட்டுக்குப் பின்னால் தொழிலாளர் லயத்து வீட்டில் இருக்கிறாள்.

நான் ரசீதை வாங்கிப் பார்த்தேன். எண்கள் சரியாக இருந்தன. "இருங்க, பாத்துட்டு வாறேனுங்க," என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

"கணக்கய்யா படியிறங்குறாரு, அதான் மழை இந்தப் போடு போடுது," என்று பின்னாலிருந்து சொன்னான். நானும் சிரித்தேன் என்று ஞாபகம்.

அறுபத்துநான்கு படி இறங்கி, அறுபத்துநான்கு படி ஏறினேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். யோசிக்கப் போதுமான நேரம் இருந்தது. இந்த ஏற்பாடு தவறு என்று மூன்று முறை எழுத்தில் சொல்லியாயிற்று. எழுத்தை யாரும் படிப்பதில்லை. ஒன்று நடந்தால்தான் படிப்பார்கள். வண்டி கேட்டுக்கு வெளியே எங்காவது ஓடையில் இறங்கி நிற்கும், ராக்கப்பன் வந்து சத்தம் போடுவார், ரசீதுப் புத்தகம் மேலே வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். வெளியே ரோடு எப்படிப்பட்ட இறக்கம் என்பதும் எனக்குத் தெரியும். பதினொரு வருஷமாக ஜன்னலிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மேலே வந்து ரசீதில் 'முழுத்தொகை பெறப்பட்டது' முத்திரையைக் குத்தினேன்.

"சங்கையா அண்ணன் முடிச்சிட்டாரா?" என்று பவுல்ராஜ் கேட்டான்.

"பூராப் பணமும் கட்டுனதா ரசீதுல இருக்குதுங்களே," என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை.

கேட்டருகே பஸ்ஸுக்காகச் செபமாலையம்மாளும் முத்துப்பேச்சியும் நனைந்துகொண்டு நின்றார்கள். கொழுந்து எடுக்கிறவர்கள். பவுல்ராஜ் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டான். நிறுத்தியது ஒரு மிதி. என் ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நான் அன்றைய பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்தால் கோடு வளைந்துவிடும்.

மூன்றாவது வளைவில் ஜீப் கீழே போனது.

விசாரணையில் சங்கையா, துணி கட்டினேன் என்றார். துணி எங்கும் கிடைக்கவில்லை. அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்றார். என்னிடம் கேட்டார்கள். முழுப்பணம் வாங்கியதாகச் சொன்னார் என்றேன். வேலை முடியும் முன்னே பணம் வாங்கிய ரசீது அவர் கையெழுத்தோடு இருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யவில்லை என்று எல்லோரும் தாங்களாகவே புரிந்துகொண்டார்கள். அவர் இப்போது ரிமாண்டில் இருக்கிறார். வரும் வியாழக்கிழமை கேஸ் எடுக்கிறார்கள், நான் சாட்சி. பார்க்கப் போனவர்களிடம், "அண்ணாச்சி மறந்திருப்பாவ, நல்ல மனுசன்," என்று சொல்கிறாராம்.

ரசீதுப் புத்தகம் மேலே வந்துவிட்டது. ஜனங்கள் மறுபடி படியேறுகிறார்கள். போன வாரம் அவருடைய சம்பளப் பாக்கியை வாங்க வேலுத்தாய் வந்தாள். அவளும் குனிந்துதான் கேட்டாள். "அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், விட்டுருவாங்களாமே," என்றாள். பெருவிரல் வைக்கும் இடத்தைக் காட்டினேன்.

அவள் அழுதது காரணம் அல்ல. இதையெல்லாம் எழுதுவது, தங்கள் கேள்விக்குப் பதில் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக. துணியை அவிழ்த்தது நான். வண்டி போகக்கூடாது என்று தெரிந்தே அனுப்பியதும் நான். ஆனாலும் சங்கையா பணத்தைக் கையால் தொடாமல் இருந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். ஏற்பாடுதான் தவறு.

துணி என் மேஜையின் இரண்டாவது டிராயரில், முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மை துடைக்க உபயோகித்ததில் ஒரு மூலை கறுத்துவிட்டது. அதை எடுத்துப்போக ஆள் அனுப்புவதானால், ஜன்னலுக்கு வந்து, பெற்றுக்கொண்டதாக ஒரு ரசீது கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பொங்கியண்ணன், கேஷியர்