புளியங்கொட்டைத் தூள்

அலுமினியத்தை மணலால் அடிக்கிறவனுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம், சார். நீங்கள் கேட்டது வேறு. ஆனால் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

பரளச்சி ஊரில் எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் துருப்பிடித்துக் கிடந்தது. அதை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. எஞ்சினைக் கழற்றினால் உள்ளும் புறமும் கரி, எண்ணெய்ப் பிசுக்கு. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். கம்ப்ரஸர் வைத்து ஏதாவது ஒரு தூளைக் காற்றோடு பீய்ச்சி அடித்தால் அழுக்கு மட்டும் உதிர்ந்துவிடும். எந்தத் தூள் என்பதில்தான் சூட்சுமம்.

பக்கத்தில் வீரசோழன் ஊர்க்காரர் முகம்மது ரபீக் துபாயில் இந்த வேலைதான் பார்த்தவர். அவரிடம் கேட்டேன்.

"மணலை மட்டும் தொட்டுராதீகண்ணே. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போயி உக்காந்துக்கிரும். எங்ககூட வேல பாத்தவுக ரெண்டு பேரு அதுலயே போயிட்டாக" என்றார்.

கேட்ட மாத்திரத்தில் மணலை விட்டுவிட்டேன். மனைவி நடமாடுகிற வீடு, நெஞ்சைக் கெடுக்கிற சாமானை அங்கே வைக்கலாமா? சோடா மாவை அடித்துப் பார்த்தேன், கரி அசையவில்லை. கண்ணாடிக் குருணை நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் எண்ணெய் போகிற துளையில் நாலு தங்கிவிட்டால் எஞ்சினே போச்சு. வெளிநாட்டில் ஏதோ கொட்டையின் ஓட்டைப் பொடித்து அடிக்கிறார்களாம். அதற்கு நான் எங்கே போவேன்? எங்கள் பக்கம் புளிக்குப் பஞ்சமில்லை. புளியங்கொட்டையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கொரகொரப்பாக அரைத்துக்கொண்டேன். கார்புரேட்டர் பளபளவென்று வந்தது. ரபீக்கே அசந்துபோனார். "ஒரு பெட்டி செஞ்சு அதுக்குள்ள வச்சு அடிங்கண்ணே, வீடெல்லாம் பறக்குமே" என்று மட்டும் சொன்னார். நல்ல யோசனைதான்.

அன்றைக்கே என் மனைவி தங்கச்செல்விக்கு இழுப்பு வந்துவிட்டது.

"என்னத்தங்க அரைச்சீக, புளியங்கொட்டையா? எங்க வீட்டுல பாவு நூலுக்குக் கஞ்சி போடையில அந்த மாவு பறந்தாலே எனக்கு மூச்சு நின்னுரும்ங்க" என்று திக்கித் திணறிச் சொன்னாள். அவள் அருப்புக்கோட்டையில் நெசவு வீட்டில் பிறந்தவள். சத்தியமாக எனக்கு அதுவரை தெரியாது. அந்த முதல் தடவைக்கு என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

அன்று அவள் தன் அண்ணன் சங்கர் வீட்டுக்குப் போவதாக இருந்தாள். போனால் திரும்புகிற எண்ணம் இல்லை. திருச்சுழி ஜவுளிக்கடையில் அவள் பார்த்த வேலையை நான் நிறுத்தியிருந்தேன். பஸ்ஸில் கூட்டம், கண்டவனும் இடிப்பான். போனையும் நான்தான் வைத்திருந்தேன். இதெல்லாம் அக்கறை என்று அவளுக்குப் புரியவில்லை. "நான் போறேன்" என்பாள். அதைக் கேட்டால் எனக்குக் கை கால் ஓடாது. அவளை விட்டால் எனக்கு யாருமே கிடையாது, சார். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் என்ன செய்வேன்?

ஆனால் இழுப்பு வந்த அன்று அவள் போகவில்லை. என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, என் நெஞ்சில் சாய்ந்தபடி மூச்சு வாங்கினாள். இழுப்புக்கு அவள் வைத்திருந்த மருந்து பம்ப்பை நான்தான் வாயில் வைத்து அழுத்தினேன். சுடுதண்ணீர் கொடுத்தேன், முதுகைத் தடவிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பிடித்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

புளியங்கொட்டைத் தூளைக் கொட்டிவிட்டேன், இனிமேல் தேங்காய்ச் சிரட்டைத் தூள்தான் என்று அவளிடம் சொன்னேன். நம்பினாள். அதற்குப் பிறகு எப்போதெல்லாம் அண்ணன் வீட்டுப் பேச்சை எடுத்தாளோ, அப்போதெல்லாம் ஒரு பாகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அடிப்பேன். சுத்தமான பாகத்தையே திரும்பவும் அடித்தேன். பெட்டி செய்யவில்லை. முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டேன், கூடத்துக் கதவைத் திறந்து வைத்தேன். கொஞ்சம்தான், சார். படுக்கையில் இருக்கிற அளவுக்குத்தான். எந்த டாக்டரும் அவளை என் அளவுக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நீங்கள் கேட்கிற அன்றைக்கு, சங்கர் காரில் புறப்பட்டுவிட்டதாகப் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் வந்து இவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வெள்ளைத்தாயின் போனில்தான் அண்ணனும் தங்கையும் பேசி முடித்திருக்கிறார்கள். தங்கச்செல்வி சேலை மாற்றிக்கொண்டு, பையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நான் உள்ளே போய் எஞ்சினின் பெரிய பாகத்தை எடுத்தேன். மின்விசிறியைக் கூடத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

இந்தத் தடவை இழுப்பு கடுமையாக இருந்தது. பையைக் கவிழ்த்துத் தேடினாள். "பம்ப்பு... பம்ப்பு எங்கங்க?"

அது என் சட்டைப் பையில் இருந்தது. அண்ணன் வருகிற சேதி கேட்டதுமே எடுத்து வைத்திருந்தேன். வெளியே எடுத்துக் காட்டினேன்.

"போகலைன்னு ஒரு வார்த்த சொல்லு. இந்தா, தாரேன்."

நான் கத்தவில்லை. அவள் கையை நீட்டினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தலையை ஆட்டினாள், பல தடவை ஆட்டினாள். வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சங்கர் உள்ளே வந்தபோது அவள் மூச்சு அடங்கி என் மடியில்தான் கிடந்தாள். பம்ப் என் கையில் இருந்தது.

என்னை விட்டுப் போகத்தான் கிளம்பினாள் என்று சங்கர் உங்களிடம் சொல்லுவார். அது தப்பு, சார். அவள் தலையாட்டியதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் என்னோடு இருக்க அவள் சம்மதித்துவிட்டாள்.