ஒரு குடம் புதுத்தண்ணி

"ஆத்துத் தண்ணியையா காருக்கு ஊத்துவாங்க?"

பாபநாசத்தில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த அம்மாள் கணவரைக் கேட்டார். கணவரின் மடியில் காரிலிருந்து கழற்றிய ரேடியேட்டர் இருந்தது.

"ஆடிப்பெருக்கன்னிக்குப் புது இன்ஜின் மாட்டுனோம். புதுத்தண்ணி ராசியா இருக்கும்னு ஊத்துனேன். மெக்கானிக் சரியா மாட்டல, அதான் சூடாவுது."

"அவரை ஏன் திட்டுறீங்க? ரேடியேட்டர் பூரா வண்டல் அடைச்சுக் கெடக்குன்னு காட்டுனாருல்ல?"

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வண்டி கொதிச்சு நடுரோட்டுல நின்னுச்சு. நாம நன்னிலம் போய்ச் சேர்றதுக்குள்ள எங்கப்பா உசுரு போயிருச்சு."

"நான் வேணும்னா செஞ்சேன்?"

"காருக்கு ஒரு கொடம் ஊத்துனீங்க. எங்கப்பா வாயில ரெண்டு சொட்டுத் தண்ணி விட எனக்குக் குடுத்து வைக்கல."