சாயம் ஏறாத இடம்

நோயைக் கண்ணாலேயே கண்டறிந்த ஒரு பெண்ணின் கூர்மை மறக்கப்படலாகாது என்பதால் இதனை எழுதிவைக்கிறேன். ஆம்பூரில் நாங்கள் இருந்த புகைவண்டிப் பெட்டியில் ஏறிய தோல் பதனிடும் தொழிலாளியின் கைகள் மஞ்சளாயிருந்தன. எதிரே அமர்ந்திருந்தவர், குடியாத்தத்தில் நூலுக்குச் சாயமிடும் பெண்மணி.

“இன்னாண்ணே, ஒடம்பு சரியில்லையா?”

“ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறின கைம்மா. எங்க ஆளுங்க எல்லாருக்கும் இப்படித்தான்.”

“அப்போ கண்ணையுமா தொட்டியில ஊறப் போட்டீங்க? நானும் தினம் சாயத்துல கை வைக்கிறவதான். கையில ஏறும், கண்ணுல ஏறாது. இது காமாலை. நேரா வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

அவர் கண்களை அப்போதுதான் நோக்கினோம். அவையும் மஞ்சளாயிருந்தன.

“குடியாத்தத்துல மாப்பிள்ளை வீட்டுல காத்துனு இருக்காங்களேம்மா. பொண்ணு கல்யாணப் பேச்சு.”

“கல்யாணத்துக்கு அப்பன் வேணாமா?”

குடியாத்தம் வந்தது. அவர் எழவில்லை. இறங்கிய பெண்மணி சன்னலருகே வந்து கேட்டார்: “எந்தத் தெரு, சொல்லுங்க. நான் போய்ச் சொல்லிட்றேன்.”

என் செவி பிழைத்திருப்பின், அன்று உடன்வந்தோர் திருத்தியருள்க.